வரப்புத் தேக்கை வெட்டி விற்பது எப்படி: காவிரிப் படுகை விவசாயிக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் வரப்பில் அப்பா வைத்த தேக்கு மொத்தம் 31. தங்கையின் கல்யாணத்துக்காக 2011-ல் அதில் 17 மரங்களை விற்றோம். வியாபாரி வந்தார், வரப்பில் ஒரு நடை நடந்தார், அண்ணாந்து பார்த்தார், மொத்தமாக ஒரு தொகை சொன்னார். அப்பா கொஞ்சம் ஏற்றிக் கேட்டார். "ஐயா, வி.ஏ.ஓ., ரேஞ்சர், பர்மிட்டு எல்லாம் நான்தானே பாத்துக்கணும்" என்றார் அவர். அதோடு பேரம் முடிந்தது. 2022-ல் மீதி 14 மரங்களை நானே மனு எழுதி, நானே அளந்து விற்றேன். அப்போதுதான் அந்த ஒரு வாக்கியத்துக்கு அப்பா கொடுத்த விலை எவ்வளவு என்று புரிந்தது. இளைத்த 14 மரம், பருத்த 17 மரத்தைவிட அதிகப் பணம் கொண்டுவந்தது. இடையில் விலை ஏறியது உண்மைதான். ஆனால் அவ்வளவு ஏறவில்லை.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் வரப்பிலும் கொல்லையிலும் மரம் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வியாபாரி வருவதற்கு முன் செய்யவேண்டிய வேலைதான் இதில் அதிகம்.

வரப்பு மரத்துக்கு வனத்துறை எதற்கு?

நம் ஊர் மரச் சட்டத்தின் வேர் 1882-ம் ஆண்டின் சென்னை வனச் சட்டம். கப்பலுக்கும் ரயில் பாதைக் கட்டைக்கும் மரம் தேவைப்பட்ட காலம் அது. இந்திய வனத்துறையைத் தொடங்கிவைத்த டீட்ரிச் பிராண்டிஸ் என்ற ஜெர்மானியர் சென்னை மாகாணத்துக்கு வந்து ஆலோசனை சொன்ன பிறகு பிறந்த சட்டம். இன்றும் அதுதான் தமிழ்நாடு வனச் சட்டம் என்ற பெயரில் நடக்கிறது. அதன் கீழே வந்தவை 1968-ம் ஆண்டு மரப் போக்குவரத்து விதிகள். நமக்கு அன்றாடம் முட்டுவது இந்த விதிகள்தான்.

சட்டத்தின் கவலை நியாயமானது. லாரியில் போகும் தேக்கு உருளை களக்காட்டு மலையில் திருடியதா, மன்னார்குடி வரப்பில் வளர்ந்ததா என்று அதன் நெற்றியில் எழுதியிருக்காது. அதனால் கொண்டுபோகிறவன்தான் நிரூபிக்க வேண்டும் என்று வைத்தார்கள். சிக்கல் என்னவென்றால், காட்டுத் திருடனுக்காகப் பின்னிய வலையில் விவசாயியும் மாட்டுகிறான். இன்னொரு பக்கம், மர ஆலைகள் தங்களுக்கு வேண்டிய மரத்தை விவசாயிகளிடம் வாங்கிக்கொள்ளட்டும் என்று 1988-ம் ஆண்டின் தேசிய வனக் கொள்கையே சொல்கிறது. 2014-ல் வந்த தேசிய வேளாண் காடுகள் கொள்கை, வெட்டவும் ஏற்றவும் உள்ள கெடுபிடிதான் விவசாயி மரம் வைக்கத் தயங்குவதற்குக் காரணம் என்று ஒத்துக்கொண்டது.

இது நம் நாட்டுக்கு மட்டும் உள்ள கூத்து இல்லை. கானாவில் தானாக முளைத்த மரம் கோகோ தோட்டத்துக்குள் நின்றாலும் அரசுடையது. உரிமம் வாங்கிய ஆலைக்காரன் வந்து வெட்டும்போது கோகோச் செடியும் நாசமாகும். அதனால் அங்கே பல விவசாயிகள் மரக்கன்றைக் கண்டதுமே பிடுங்கிப் போட்டுவிடுகிறார்கள். காட்டைக் காப்பாற்றக் கொண்டுவந்த சட்டம் மரத்தை முளையிலேயே கொல்கிறது. அதோடு ஒப்பிட்டால் நமக்கு நிலைமை எவ்வளவோ மேல். பட்டா நிலத்து மரம் நம்முடையதுதான் என்பதில் இங்கே சந்தேகம் இல்லை. பட்டா நிலமா என்பதில்தான் சந்தேகம் வரும்.

முதல் படி: மரம் யாருடையது?

படுகையில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது மற்ற ஊர்களைப்போல எளிது இல்லை. மூன்று தலைமுறையாக உழுது வந்த நிலமாக இருக்கும். பட்டாவைப் பார்த்தால் கோயில் பெயரோ மடத்தின் பெயரோ இருக்கும். குத்தகைதாரருக்குச் சாகுபடி உரிமை உண்டு, நிலத்தைவிட்டு எளிதில் வெளியேற்றவும் முடியாது. ஆனால் அந்த நிலத்தில் நிற்கும் தேக்கை வெட்டி விற்கும் உரிமை அதில் சேர்த்தி இல்லை. நட்டது நீங்களாகவே இருந்தாலும், கோயில் நிர்வாகத்தின் எழுத்துமூலமான அனுமதி இல்லாமல் அரிவாளைத் தொடாதீர்கள். இந்த ஒரு விஷயத்தில் ஊரில் நடக்கும் தகராறு கொஞ்சநஞ்சமில்லை.

அடுத்தது வாய்க்கால் கரை. நம் வயல் முடிகிற இடத்தில் வாய்க்கால், அதன் கரையில் ஒரு மரம். தண்ணீர் ஊற்றியதும் ஆட்டிடமிருந்து காத்ததும் நாம்தான். அதனால் நம் மரம் என்று நினைத்துக்கொள்கிறோம். கரை புறம்போக்கு என்றால் மரம் அரசுடையது. கல்லணைக் கால்வாய்க் கரைகளில் வரிசையாக நிற்பது வனத்துறை வளர்த்த தேக்கு. அதையும் நம் வயலோரத் தேக்கையும் பிரிப்பது சில இடங்களில் ஒரு முள்வேலி மட்டும்தான். பொது இடத்து மரத்தை வெட்ட மாவட்டப் பசுமைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். புறம்போக்கில் நிற்கும் மரத்தின் பலனை மட்டும் அனுபவிக்க '2சி பட்டா' என்று ஒன்று உண்டு. புளியங்காய் உலுக்கவும் தேங்காய் பறிக்கவும் அது போதும். மரத்தையே வெட்டிச் சாய்க்க அது போதாது. அதை மரப்பட்டா என்று சொல்வதால் பலர் ஏமாந்திருக்கிறார்கள்.

மூன்றாவது, பொதுவரப்பு. எங்கள் 14-ல் இரண்டு மரங்கள் பங்காளி வீட்டு வயலை ஒட்டிய வரப்பில் நின்றன. சித்தப்பாவிடம் பேசி, நில அளவை வரைபடத்தை வைத்து நூல் பிடித்துப் பார்த்ததில் ஒன்று சரிபாதியில் நின்றது. "இருக்கட்டும்டா, பாதிக் காசு குடு" என்றார். கொடுத்தேன். சம்மதக் கடிதத்தில் அவர் கையெழுத்தையும் வாங்கினேன். வாய்ச்சொல்லோடு விட்டிருந்தால் ரேஞ்சர் வந்து நின்ற அன்றைக்குப் பெரியம்மா வீட்டிலிருந்து ஒரு ஆட்சேபம் வந்திருக்கும்.

கையில் இருக்க வேண்டியவை: உங்கள் பெயரில் பட்டா, சிட்டா, நடப்பு அடங்கல் (எந்த சர்வே எண்ணில் என்ன நிற்கிறது என்று எழுதும் கிராமக் கணக்கு), புல வரைபடம். பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருக்கிறதென்றால், மரத்தை மறந்துவிட்டு முதலில் பெயர் மாற்றத்துக்கு எழுதிப் போடுங்கள். கூட்டுப் பட்டா என்றால் எல்லாருடைய சம்மதமும் வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் போய், இன்ன சர்வே எண்ணில் இன்ன மரம் இத்தனை என்று அடங்கலில் ஏற்றச் சொல்லுங்கள். வெட்டுவதற்கு முந்தின வாரம் போய் நின்றால் அவர் யோசிப்பார். கன்று இடுப்புயரம் வந்ததுமே ஏற்றிவைத்துவிட்டால், 20 வருடம் கழித்து யாரும் உங்களிடம் கேள்வி கேட்க முடியாது.

இரண்டாம் படி: என்ன மரம்?

சட்டத்தின் கண்ணில் எல்லா மரமும் ஒன்று இல்லை. சவுக்கும் தைலமரமும் காகித ஆலைக்கு லோடு லோடாகப் போவதைப் பார்க்கிறோம்; அவற்றுக்கு வனத்துறையிடம் போய் நிற்க வேண்டியதில்லை. விதிகளில் இப்படி விலக்குப் பெற்ற மரங்களின் பட்டியல் இருக்கிறது, அவ்வப்போது மாறவும் செய்கிறது. மகாகனி, குமிழ், மலைவேம்பு வைத்திருப்பவர்கள் வனச்சரக அலுவலகத்தில் அன்றைய பட்டியலைக் கேட்டுப் பார்த்துவிடுவது நல்லது. 'விலக்குதான், தெரியும்' என்று வியாபாரி சொல்வதைப் பட்டியலாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தேக்கு நடுவாந்திரம். மலைப் பகுதிகளில் 1955-ம் ஆண்டின் மரப் பாதுகாப்புச் சட்டப்படி வெட்டுவதற்கே குழுவின் அனுமதி வேண்டும். நம் சமவெளிக்கு அந்தச் சட்டம் இல்லை. ஆனால் வெட்டிய மரத்தை வயலைவிட்டு நகர்த்த வனத்துறை பர்மிட் கட்டாயம்.

சந்தனம் தனி உலகம். 2002-க்குப் பிறகு பட்டா நிலத்துச் சந்தனம் நில உரிமையாளருக்கே சொந்தம் என்று ஆகிவிட்டது. அதற்காக நீங்களே வெட்டி நீங்களே விற்க முடியாது. 2008-ம் ஆண்டு விதிகளின்படி வனத்துறையிடம் தெரிவித்து, அவர்கள் வழியாகத்தான் வெட்டும் விற்பனையும். கொல்லையில் ஒரு சந்தனம் தானாக முளைத்து நின்றால்கூட அடங்கலில் ஏற்றிவிடுங்கள். திருடன் கொண்டுபோனால் புகார் கொடுக்கவாவது ஒரு ஆதாரம் வேண்டும்.

செம்மரத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 'ஏக்கருக்குக் கோடி' என்று நாற்றங்கால்காரர்கள் சொல்வதை நம்பி நம் பக்கம் நிறையப் பேர் வைத்திருக்கிறார்கள். செம்மரம் கடப்பா, சித்தூர் பக்கத்துப் பாறை மலையில் காய்ந்து வளரும் மரம். நம் களிமண்ணில் மளமளவென்று பருக்கும், ஆனால் சேகு, அதாவது விலைபோகும் நிறம் ஏறிய நடுமரம், வைக்க மறுக்கும். அதோடு, அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் 'சைட்டிஸ்' உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் அது 1995-லேயே ஏறிவிட்டது. வாங்குகிறவன் வெளிநாட்டுக்காரன், அனுப்புவதற்கோ ஆயிரம் கட்டுப்பாடு. கோடிக் கணக்குப் போடுகிறவர்கள் இதைச் சொல்வதே இல்லை. 1990-களில் தேக்குப் பத்திரம் விற்றுக் கிளம்பிப்போன கம்பெனிகளை நம் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பங்குச்சந்தை வாரியமான செபி 1999-ல் கூட்டு முதலீட்டுத் திட்டங்களுக்குத் தனி விதி போட்டதற்கு அந்த மோசடிகளும் ஒரு காரணம்.

தோதகத்தி, அதாவது ஈட்டி மரத்தின் இனம் முழுவதும் 2017 முதல் அதே சைட்டிஸ் பட்டியலில் இருக்கிறது. படுகையில் அது அரிது, அதனால் நீட்டவில்லை. பனைக்கு மட்டும் ஒரு வார்த்தை: 2021-ல் மாநில அரசு முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே, பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று அறிவித்துவிட்டது. செங்கல் சூளைக்காரர் வந்து கேட்டால் அதைச் சொல்லி அனுப்புங்கள்.

மூன்றாம் படி: நிற்கும்போதே அளந்து எழுதுங்கள்

ஒரு நோட்டு, ஒரு தையல்காரர் டேப், கொஞ்சம் வெள்ளைப் பெயிண்ட். மரத்துக்கு மரம் எண் போடுங்கள். தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில், அதாவது நெஞ்சு உயரத்தில் சுற்றளவை அங்குலத்தில் எழுதுங்கள். முதல் கவை வரை எத்தனை அடி என்று ஒரு மூங்கில் கழியை நிறுத்திப் பார்த்து எழுதுங்கள். ஒவ்வொரு மரத்தையும், பின்னால் வயல் தெரிகிற மாதிரி இருப்பிடத்தோடு கைப்பேசியில் படம் எடுத்துவையுங்கள். அரை நாள் வேலை. இந்த நோட்டு மூன்று இடத்தில் உதவும்: மனுவில் அளவு எழுத, வியாபாரியிடம் பேச, வெட்டிய பிறகு எத்தனை கட்டை போயிற்று என்று சரிபார்க்க.

நான்காம் படி: மனு

மனு மாவட்ட வன அலுவலருக்கு. நடையெல்லாம் வனச்சரக அலுவலகத்துக்கு. பட்டா, அடங்கல், புல வரைபடம், ஆதார், கிராம நிர்வாக அலுவலரின் சான்று, உங்கள் நோட்டிலிருந்து மரப் பட்டியல், எங்கே கொண்டுபோகப் போகிறீர்கள் என்ற விவரம். சான்றில் இரண்டு விஷயம் தெளிவாக இருக்கிறதா என்று படித்துப் பார்த்து வாங்குங்கள்: நிலம் பட்டா நிலம், மரம் மனுதாரருடையது. எங்களுக்குக் கிடைத்த முதல் சான்றில் சர்வே எண்ணின் உட்பிரிவு விடுபட்டுப் போயிருந்தது. அந்த ஒரு எழுத்துக்காக மூன்று வாரம் போயிற்று.

கொடுத்த மனுவுக்கு ஒப்புகை வாங்குங்கள். மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அலுவலகத்தில் எல்லாரும் கெட்டவர்கள் இல்லை. எனக்கு வாய்த்த வனவர் உட்காரவைத்து விண்ணப்பத்தை நிரப்பச் சொல்லிக்கொடுத்தார். ஆனால் தேதி போட்ட ஒப்புகை கையில் இருப்பவனுக்கும் இல்லாதவனுக்கும் கிடைக்கிற பதிலில் வித்தியாசம் இருக்கிறது.

வெட்டிவிட்டு மனு போடாதீர்கள். நிற்கிற மரத்தைக் காட்டினால் கேள்வி குறைவு. விழுந்து கிடக்கும் கட்டையைக் காட்டினால், இது இங்கே விழுந்ததுதானா என்பதிலிருந்து தொடங்கும். விதிவிலக்கு, புயல். 2018 நவம்பர் 16 விடியலில் கஜா கரையேறியபோது பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கம் தென்னையோடு தேக்கும் சாய்ந்தது. விழுந்த மரத்தை உடனே அப்புறப்படுத்தியாக வேண்டும், மின்சாரம் இல்லை, அலுவலகமும் இல்லை. அந்த வாரத்தில் வந்த வியாபாரிகள் சொன்னதுதான் விலை. வேரோடு கிடக்கும் மரத்தை அந்தக் கோலத்திலேயே படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் எழுதிக் கொடுத்துவிட்டு, அறுத்து மேட்டில் ஏற்றி நிழலில் போட்டவர்கள் பிறகு நல்ல விலைக்கு விற்றார்கள். தேக்கு காத்திருக்கும். நாம்தான் காத்திருப்பதில்லை.

அடுத்து ஒரு செய்தி. 2023 டிசம்பர் 29-ல் மத்திய அரசு 'தேசியப் போக்குவரத்து அனுமதி முறை' என்ற இணையவழி ஏற்பாட்டை நாடு முழுவதற்கும் தொடங்கியது. மாநிலம் தாண்டும்போது ஒவ்வொரு எல்லையிலும் தனித்தனிச் சீட்டு வாங்காமல் ஒரே சீட்டில் போகலாம் என்பது நோக்கம். 2025 ஜூனில் வேளாண் நிலத்து மரம் வெட்ட மாதிரி விதிகளையும் வெளியிட்டார்கள். மாதிரி விதி என்பது மாநிலம் ஏற்றுக்கொண்டால்தான் சட்டம். கேரளாவுக்கோ கர்நாடகத்துக்கோ மரம் அனுப்புகிற யோசனை இருந்தால், எந்த வழியில் விண்ணப்பிப்பது என்று சரக அலுவலகத்தில் முதலிலேயே கேளுங்கள்.

ஐந்தாம் படி: எப்போது, எப்படி வெட்டுவது

படுகையில் மரம் வெட்ட ஒரு ஜன்னல்தான் திறக்கும். தையில் சம்பா அறுவடை. அறுவடைக்கு முன்பே நெல்லுக்குள் உளுந்தும் பயறும் தெளித்திருப்போம். அது மாசி, பங்குனி வரை நிற்கும். வழக்கப்படி ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் வாய்க்காலில் தண்ணீர் வந்துவிடும், லாரி வயலில் இறங்காது. ஆக, பயறு எடுத்த பிறகு, தண்ணீர் வருவதற்கு முன்: பங்குனிக் கடைசியும் சித்திரையும். இந்தக் கணக்கைப் பின்னோக்கிப் போட்டால் மனுவைக் கார்த்திகை, மார்கழியிலேயே கொடுத்துவிட வேண்டும். பெரும்பாலோர் தை அறுவடைக் காசு கைக்கு வந்த பிறகு யோசிக்கிறார்கள். பர்மிட் வரும்போது வயலில் தண்ணீர் நிற்கிறது. அப்புறம் வியாபாரி 'அடுத்த வருஷம் பாக்கலாம்' என்பார், அல்லது இழுத்து ஏற்றும் கூலி என்று விலையில் கை வைப்பார்.

தேய்பிறையில் வெட்டினால் உளுத்துப்போகாது என்று எங்கள் ஊர் ஆசாரி சொல்வார். அதில் எவ்வளவு உண்மையோ, அமாவாசையை ஒட்டி நாள் குறித்ததில் எனக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை.

அடியோடு, தரையை ஒட்டி அறுக்கச் சொல்லுங்கள். வெட்டுகிற ஆள் குனியச் சோம்பல்பட்டு முழங்கால் உயரத்தில் அறுத்தால், மரத்தின் மிகப் பருத்த, வைரம் பாய்ந்த ஒன்றரை அடி வயலில் நின்றுவிடும். மின்கம்பி பக்கத்தில் இருந்தால் மின்வாரியத்துக்குச் சொல்லி அணைக்க வையுங்கள். இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

ஆறாம் படி: அளவு

பணம் போகிற ஓட்டை இங்கேதான், அதனால் நிதானமாகப் படியுங்கள்.

மரக்கடையில் உருட்டு மரத்தைக் கன அடியில் வாங்குகிறார்கள். கணக்கு இது: நடுச் சுற்றளவை அங்குலத்தில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, நீளத்தை அடியில் பெருக்கி, 2304-ஆல் வகுக்க வேண்டும். 40 அங்குலச் சுற்று, 12 அடி நீளம் என்றால் 40 × 40 × 12 = 19,200; 2304-ஆல் வகுத்தால் 8.33 கன அடி. இது சுற்றளவில் கால் பங்கை ஒரு சதுரத்தின் பக்கமாக வைத்துப் போடும் பழைய ஆங்கிலேயர் காலக் கணக்கு. அந்தக் கட்டையின் உண்மையான கன அளவு 10.6. அதாவது இந்தச் சூத்திரமே நூற்றுக்கு 21 பங்கை அறுப்பில் போகும் சேதாரம் என்று கழித்துவிட்டுத்தான் கணக்கைத் தொடங்குகிறது. இது ஊர் வழக்கம், எல்லாருக்கும் பொது, சரி.

ஆனால் அதற்கு மேல் ஒரு கழிவு வரும். 2022-ல் என் வயலில் நடந்தது இது. தரகர் டேப்பைச் சுற்றினார், 40 வந்தது. பையன் நோட்டில் 36 என்று எழுதினான்.

"அண்ணே, நாப்பதுதானே வந்துச்சு?"

"பட்டைக்கு நாலு அங்குலம் தம்பி. எல்லா ஊர்லயும் அதான்."

36 × 36 × 12 = 15,552; 2304-ஆல் வகுத்தால் 6.75. நாலு அங்குலம் என்று சாதாரணமாகச் சொன்னதில் ஒரு கட்டையில் ஒன்றரைக் கன அடிக்கு மேல் போய்விட்டது, ஐந்தில் ஒரு பங்கு. சுற்றளவு வர்க்கமாகப் பெருக்கப்படுவதால் வரும் வினை. சுற்றளவில் நாலு அங்குலம் குறைய வேண்டுமென்றால் பட்டை முக்கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவான கனத்தில் இருக்க வேண்டும். நான் அரிவாளால் ஒரு சாண் அகலத்துக்குச் சுற்றிலும் பட்டையைச் சீவினேன். "இப்ப அளங்கண்ணே." 38 வந்தது. அவர் சிரித்துவிட்டு, பையனிடம் "முப்பத்தெட்டு எழுதுடா" என்றார். சண்டை இல்லை, சத்தம் இல்லை. 14 மரத்திலும் நடுவில் பட்டை சீவித்தான் அளந்தோம்.

இன்னும் சில தந்திரங்கள் உண்டு. நடுவில் அளக்காமல் நுனிப் பக்கம் அளப்பது. 12 அடி 9 அங்குலக் கட்டையை 12 என்று எழுதுவது. ஒரே நீளமாக விலைபோகக்கூடிய கட்டையை லாரி வசதிக்காக இரண்டாக அறுப்பது. சுற்று பெருக்கப் பெருக்கக் கன அடி விலையே ஏறும் என்பதால், எந்தச் சுற்றுக்கு என்ன விலை என்று வெட்டுவதற்கு முன்பே பேசித் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மூன்று மரக்கடைகளில் விலை கேட்டுவிட்டுப் பேச உட்காருங்கள். 'தூத்துக்குடியில ஆப்பிரிக்கத் தேக்கு மலிவா எறங்குது' என்று ஒரு பேச்சு வரும். அது பொய்யில்லை. மியான்மர் 2014 ஏப்ரலில் உருட்டு மர ஏற்றுமதியை நிறுத்திய பிறகு, கானா, தான்சானியா, ஈக்வடார் என்று எங்கெங்கோ வளர்த்த தோட்டத் தேக்கு நம் நாட்டுக்கு வருகிறது. ஆனால் அதிலும் இளமரம் நிறைய. உங்கள் கட்டையின் வெட்டு முகத்தைக் காட்டுங்கள்: நடுவில் தேன் நிறச் சேகு எவ்வளவு, ஓரத்தில் வெள்ளை எவ்வளவு. செழித்த மண்ணில் வேகமாக வளர்ந்த படுகைத் தேக்கில் வெள்ளை கொஞ்சம் அதிகம்தான். அதை மறைக்க முடியாது. 25 வருட மரமாக இருந்தால் சேகே பேசும்.

ஏழாம் படி: முத்திரை, பர்மிட், லாரி

வெட்டி அடுக்கிய பிறகு வனத்துறை ஆள் வந்து கட்டைகளை எண்ணி, அளவு எடுத்து, வெட்டு முகத்தில் சுத்தியல் முத்திரை அடிப்பார். பச்சை மரத்தில் அது பதியும்போது ஈரம் லேசாகத் தெறிக்கும். எழுத்து மங்கலாக விழுந்தால் இன்னொரு அடி அடிக்கச் சொல்லுங்கள், கூச்சப்படாதீர்கள். முத்திரை விழுந்த முனையை அதற்குப் பிறகு அறுக்கக் கூடாது.

பர்மிட்டில் கட்டைகளின் எண்ணிக்கை, அளவு, எங்கிருந்து எங்கே, எந்தத் தேதி வரை என்பதெல்லாம் இருக்கும். லாரி கிளம்புமுன் கட்டையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பர்மிட்டில் 41, வண்டியில் 42 என்றால் அந்த ஒரு கட்டை மற்ற 41-ஐயும் திருட்டு மரமாக்கிவிடும். வண்டியையே பறிமுதல் செய்ய வனச் சட்டம் இடம் கொடுக்கிறது. தேதி முடிந்த பர்மிட்டும் அப்படித்தான். டயர் வெடித்து வண்டி நின்றாலும் உடனே சரக அலுவலகத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.

'பழைய பர்மிட்டு ஒண்ணு கைல இருக்கு, அதுலயே ஏத்திடலாம்' என்று யாராவது சொன்னால் அந்த ஆளிடம் மரமே விற்காதீர்கள். உங்கள் வரப்பு மரத்துக்கு வாங்கிய பர்மிட்டில் வேறு எங்கிருந்தோ வந்த மரம் போவதும் உண்டு. அதனால்தான் நகலைக் கையில் வைத்துக்கொண்டு, 'இந்த பர்மிட்டில் மரம் முழுவதும் ஏற்றப்பட்டது' என்று வாங்கியவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். விற்றது யார், வாங்கியது யார், எத்தனை கன அடி, என்ன விலை என்று பில்லும் வேண்டும். தமிழ்நாட்டுக்குள் சரக்கின் மதிப்பு ஒரு லட்சத்தைத் தாண்டினால் இ-வே பில்லும் (சரக்கோடு போக வேண்டிய ஜி.எஸ்.டி. இணையச் சீட்டு) போட வேண்டும். அது வாங்குகிற வியாபாரியின் வேலை.

மரத்தை விற்காமல் வீட்டுக்கே அறுக்கப் போகிறீர்கள் என்றாலும் பர்மிட் வேண்டும், மில்லுக்கு உரிமம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். காடுகளைக் காக்கத் தொடுத்த கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 12-ல் கொடுத்த உத்தரவுதான் நாடு முழுக்க அறுவை ஆலைகளைக் கட்டுக்குள் கொண்டுவந்தது. உரிமமில்லாத மில்லில் சோதனை வந்தால் உங்கள் கதவு நிலைக்கான மரமும் சேர்ந்து மாட்டும்.

பழைய வீட்டு மரத்துக்கும் காகிதம் வேண்டும்

நரசிங்கம்பேட்டையில் நாகஸ்வரம் செய்கிறவர்கள் ஆச்சா மரத்தைப் பழைய வீடுகளில்தான் தேடுகிறார்கள். புது மரத்தில் நாதம் நிற்காது. பல பத்தாண்டுகள் உத்திரமாகவும் தூணாகவும் காய்ந்த மரம் வேண்டும். ஒரு பட்டறையில் நான் பார்த்த தூண் ஒன்றில் ஊஞ்சல் சங்கிலி மாட்டிய துளை அப்படியே இருந்தது. அதைத் தட்டிப் பார்த்து ஓசையைக் கேட்டார் அந்தப் பெரியவர். பழைய ஓட்டு வீட்டை இடிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நிலை, உத்திரம், தூண் எல்லாவற்றையும் இடிக்கும் முன் படம் எடுத்து, வீட்டு வரி ரசீதோடு சேர்த்து வையுங்கள். ஆணி ஓட்டையும் கறையான் தடமும் இருப்பதால் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. ஆனால் தேக்கு உத்திரத்தை இழைத்துப் பளபளப்பாக்கி ஏற்றினால் கேட்பார்கள்.

எட்டாம் படி: வெளிநாட்டுக்குப் போகுமென்றால்

இது எல்லாருக்கும் தேவைப்படாது. நாற்காலி, கதவு, சிற்பம் செய்து ஐரோப்பாவுக்கு அனுப்புகிறவர்களுக்கு மரம் விற்றால் தேவைப்படும். ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் காடழிப்புக்கு எதிரான ஒரு சட்டத்தை இயற்றியது. அமலுக்கு வரும் தேதியை இரண்டு முறை தள்ளிவைத்தார்கள். சாரம் இதுதான்: 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்த மரம் அங்கே நுழையக் கூடாது, மரம் வளர்ந்த நிலத்தின் இருப்பிடப் புள்ளியையும் காட்ட வேண்டும். இந்தோனேசியா பல வருடமாகவே மரத்தின் சட்டபூர்வத்தைச் சரிபார்க்கும் முறை வைத்து, 2016 நவம்பரிலிருந்து ஐரோப்பாவுக்கு உரிமத்தோடு அனுப்பிவருகிறது. வேடிக்கை என்னவென்றால், நூறு வருடமாக நெல் விளைகிற வயலின் வரப்பு மரத்துக்கு இந்த நிபந்தனை மிக எளிது. உங்கள் புல வரைபடமும், மூன்றாம் படியில் இருப்பிடத்தோடு எடுத்த படமும் கையில் இருந்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது.

மரம் பொறுப்பாக வளர்க்கப்பட்டது என்று காட்டும் எஃப்.எஸ்.சி. போன்ற சர்வதேசச் சான்றிதழைத் தனி விவசாயி வாங்குவது கட்டுப்படியாகாது. உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாகச் சேர்ந்து குழுச் சான்று வாங்கலாம். 2023 டிசம்பரில் மத்திய அரசும் இந்திய வன, மரச் சான்றிதழ்த் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கியிருக்கிறது. 14 மரம் வைத்திருப்பவர் இதற்காக அலைய வேண்டாம் என்பது என் எண்ணம்.

அடுத்த சுற்று

வெட்டிய இடத்தில் புதிதாக வைப்பவர்களுக்கு வேளாண் துறையின் பசுமைப் போர்வை இயக்கத்தில் கன்று இலவசமாகக் கிடைக்கும். வரப்பில் என்றால் ஏக்கருக்கு 50, குறைந்த அடர்த்தியில் வயலுக்குள் என்றால் 160. உழவன் செயலியில் பதியலாம். தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் தேக்கை வைக்காதீர்கள், வேர் அழுகிவிடும். அந்த இடத்துக்கு நீர்மருதும் இலுப்பையும் இருக்கின்றன. பக்கத்து வயலுக்கு நிழல் விழாதபடி கிழமேல் வரப்பைவிடத் தென்வடல் வரப்பைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் நெல் சரியாகப் பால் பிடிக்கவில்லை என்று பங்காளி வருவார்.

தேக்குக்கு மறுநடவே தேவைப்படாமலும் போகலாம். தரையை ஒட்டி அறுத்த என் 14 அடிக்கட்டைகளில் 11 துளிர்த்தன. ஒவ்வொன்றிலும் ஏழெட்டுக் கிளைப்பு. ஐப்பசி மழைக்குப் பிறகு, மண்ணை ஒட்டிக் கிளம்பிய நேரான ஒன்றை விட்டுவிட்டு மற்றதைக் கையாலேயே ஒடித்துப் போட்டேன். இப்போது அவை என் தலைக்கு மேல் நிற்கின்றன. போன மாதம் கிராம நிர்வாக அலுவலரிடம் போய் 11 தேக்கு என்று அடங்கலில் ஏற்றிவிட்டு வந்தேன்.